பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கு யார் பொறுப்பு? ரேம், மதர்போர்டு, பிராசசர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரேம், மதர்போர்டு, பிராசசர் ஆகியவற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மூவரையும் ஒரே மடலில் விளிப்பதற்குக் காரணம், தனித்தனியாக எழுதியபோது ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டியதுதான். நானே பூட்டிய புதிய கணினியில், பெட்டியின் முகப்பில் 6000 (விநாடிக்கு இத்தனை பத்து லட்சம் தரவுப் பரிமாற்றங்கள் என்று பொருள்) என்று அச்சிட்டிருக்கும் டிடிஆர்5 தலைமுறை ரேம் அந்த வேகத்தில் நிலையாக ஓட மறுக்கிறது என்று முறையிட்டேன். எந்தெந்த ரேம் பொருந்தும் என்று மதர்போர்டு நிறுவனம் வெளியிடும் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள் என்றது ரேம் நிறுவனம். அதே மாடல் எண் அந்தப் பட்டியலில் இருப்பதைக் காட்டியதும், பிராசசருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரின் திறன் ஒன்றுக்கொன்று வேறுபடும், அது எங்கள் கையில் இல்லை என்றது மதர்போர்டு நிறுவனம். பிராசசர் நிறுவனமோ, அந்த வேகம் தங்களுடைய அதிகாரபூர்வ வரம்பைத் தாண்டியது, எனவே அது ஓவர்கிளாக் (வரம்பை மீறி வேகமாக ஓட்டுவது) கணக்கில் சேரும், அதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்று மிகுந்த பணிவோடு விளக்கி, "வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்திப் பாருங்கள்" என்ற யோசனையோடு முறையீட்டை முடித்து வைத்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மூன்று பதில்களும் தனித்தனியே சரியானவை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் பெட்டியில் இருக்கும் அந்த எண்ணுக்கு உலகத்தில் யாருமே பொறுப்பில்லை என்றாகிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: பெட்டியின் முகப்பில் அச்சிடும் வேகம் எந்த நிபந்தனையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் உங்களில் யார் பொறுப்பேற்பார் என்பதை அதே முகப்பில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டிடிஆர்5 ரேமை ஸ்லாட்டில் செருகி மின்சாரம் கொடுத்தால், அது ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பின் தரத்தின்படி 4800 போன்றதொரு வேகத்தில், 1.1 வோல்ட்டில்தான் விழிக்கிறது. விளம்பரத்தில் காட்டிய 6000 என்பது, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் ரேமிலேயே பதிந்து வைக்கப்பட்ட வேறொரு அமைப்பு. பயனர் பயாஸுக்குள் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) போய் அதைத் தானே இயக்க வேண்டும், பெரும்பாலான கிட்டுகளில் வோல்டேஜும் அதோடு 1.35 அளவுக்கு ஏறிவிடும். பிராசசரின் அதிகாரபூர்வ வரம்போ இதற்குக் கீழே நிற்கிறது: இன்டெல்லின் 14ஆம் தலைமுறை ஐ9க்கு 5600, ஏஎம்டியின் ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசைக்கு 5200. ரைசன் 7000இல் நான்கு ரேம்களைச் செருகினால் அந்த வரம்பு 3600க்கு இறங்கிவிடுகிறது. போர்டில் நான்கு ஸ்லாட்டுகளை வைத்து விற்றுவிட்டு, நான்கையும் நிரப்பினால் வேகம் விழும் என்ற செய்தியை இணையப் பக்கத்தின் அடியில் ஓர் அட்டவணைக்குள் வைத்திருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த எண்கள் எவையும் ரகசியமில்லை. ஆனால் ரேம் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கண்ணில் இவற்றில் ஒன்றுகூடப் படுவதில்லை.

வேகத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சிஎல் (தரவுக்காகக் காத்திருக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) 30 கொண்ட 6000 ரேம் கேட்ட தரவை எடுத்துத் தரத் தொடங்குவதற்கு ஆகும் காத்திருப்பு 10 நானோவிநாடி. சிஎல் 40 கொண்ட 4800 வேகத்தில் அது ஏறக்குறைய 16.7 நானோவிநாடி. ஒரு சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான ஒரு தரவுப் பாதை) விநாடிக்கு 48 ஜிகாபைட் போக வேண்டிய இடத்தில் 38.4தான் போகும். இந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் விளம்பரத்தில் வரைபடமாகப் போட்டு விற்கிறீர்கள், இந்த வித்தியாசத்துக்குத்தான் நாங்கள் கூடுதல் விலை கொடுக்கிறோம். வாங்கும்வரை பெரிதாக இருந்த வித்தியாசம், முறையிடும்போது மட்டும் பொருட்படுத்தத் தேவையில்லாததாகச் சுருங்கிவிடுவது எப்படி?

வேகக் குறைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. 6000இல் வைத்ததும் கணினி ஓடவே மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது நன்றாகவே ஓடியது. பயாஸ் திரையில் 6000 என்று பளிச்சென்று காட்டியது. சில நாட்கள் கழித்து, சுருக்கிவைத்திருந்த ஒரு பெரிய கோப்பை விரித்தபோது சிஆர்சி பிழை, அதாவது சரிபார்ப்பில் தரவு பொருந்தவில்லை, என்றது. அதே கோப்பை மறுபடி விரித்தால் ஒரு குறையுமின்றி விரிந்தது. பின்னொரு நாள், பழைய டிஸ்கிலிருந்து நகலெடுத்த புகைப்படங்களில் ஒன்றைத் திறந்தால் மேல்பாதியில் முகங்கள் இருந்தன, கீழ்பாதி முழுதும் சாம்பல் நிறப் பட்டையாக நின்றது. டிஸ்கின் மேல் குற்றமில்லை. ரேமைக் கடந்து வருகிற வழியில் எங்கோ ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) புரண்டு, புரண்டதையே டிஸ்க் விசுவாசமாக எழுதிக்கொண்டது. அன்றிரவே பேக்கப் மென்பொருளும் அந்தக் கெட்ட நகலை அதே விசுவாசத்தோடு எடுத்துப் பத்திரப்படுத்தியது. இன்னும் எந்தெந்தக் கோப்பில் எந்தெந்தப் பிட் இப்படிப் புரண்டு கிடக்கிறது என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று யாரும் பதில் எழுத வேண்டாம். அது சிப்புக்குள் சேமித்திருக்கும் பிட்டுகளைக் காக்கும் ஏற்பாடு. ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதையில் நடக்கும் பிழையை அது பார்ப்பதில்லை. வேகத்தை ஏற்றும்போது முதலில் தடுமாறுவதோ அந்தப் பாதைதான். விளம்பர வாசகத்தில் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் ஏமாறாமல் இருந்திருப்பார்கள்.

சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் விடிய விடிய ஓடி ஒரு சிவப்பு வரிகூடக் காட்டாமல் முடிந்தது. அதே ரேம், கிராபிக்ஸ் கார்டு சூடேறி வெப்பக்காற்றை அதன் மேல் வீசும் நேரத்தில் விண்டோஸுக்குள் சோதித்தபோது பிழை காட்டியது. குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வேலை செய்யும்போது மட்டும் தடம் புரள்கிற ஒரு பொருளில் குறை இருக்கிறது என்பதைச் சாதாரணப் பயனர் எப்படி நிரூபிப்பார்? ஒவ்வொரு முறை பயாஸில் ஓர் எண்ணை மாற்றியதும் திரை இருண்டுபோய், போர்டில் ரேமுக்கான ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிகிறது. மெமரி டிரெயினிங் (ரேமுக்கேற்ற அமைப்பைக் கணினி தானே தேடிச் சரிசெய்வது) நடக்கிறதா, கணினி உயிரை விட்டுவிட்டதா என்று சொல்ல ஒரு வரிகூடத் திரையில் வருவதில்லை. நிமிடக்கணக்கில் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பதா, பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவதா என்ற முடிவை எங்களிடமே விட்டுவிட்டீர்கள்.

வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள் என்ற ஆலோசனையும் வந்தது. எவ்வளவு என்று கேட்டால், அது உங்கள் பொறுப்பு என்றார்கள். இதில் ஆபத்தே இல்லை என்பது போன்ற பேச்சு எனக்கு வியப்பளிக்கிறது. 2023ஆம் ஆண்டு சில ரைசன் 7000 பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகின. அதன்பின் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசரில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டுக்குள் கட்டிவைக்கும் பயாஸ் புதுப்பிப்புகள் வர வேண்டியிருந்தது. வல்லுநர்கள் கையில் விட்டபோதே இந்த நிலை என்றால், ரேமுக்கான விடிடி, விடிடிக்யூ என்று நாலைந்து வோல்டேஜ்களை வாடிக்கையாளர் கையில் கொடுத்து நீங்களே சரிபண்ணிக்கொள்ளுங்கள் என்பது எவ்வகை நியாயம்?

பயாஸ் புதுப்பிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதங்கள் காத்திருந்து வருகிற புதிய பதிப்பின் குறிப்பில் "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. எதன் நிலைத்தன்மை, எந்த ரேமில், எந்த வேகத்தில் என்பதெல்லாம் உங்கள் அந்தரங்கம் போலும். பொருத்தப் பட்டியலில் ஒரு ரேம் சேர்க்கப்பட்டபோது எந்த பயாஸில், எந்த பிராசசரோடு, எத்தனை ரேம்களைச் செருகிச் சோதித்தீர்கள் என்பதும் முழுமையாகத் தெரிவதில்லை. அதே மாடல் எண்ணில் பிற்பாடு உள்ளே இருக்கும் சிப்புகளின் தயாரிப்பாளர் மாறிவிடுவதும் உண்டு. ஒன்றை மட்டும் நான் மனமாரப் பாராட்ட வேண்டும். ரேமின் முதுகில் பதித்திருக்கும் வண்ண விளக்குகள் எந்த வேகத்திலும், எந்த வெப்பத்திலும், ஒரு நொடிகூடத் தடுமாறாமல் எரிகின்றன. அவற்றின் நிறத்தை மாற்ற ஒரு முழு மென்பொருளையே எழுதித் தந்திருக்கிறீர்கள். அந்த அக்கறையில் பாதி பிட்டுகளின் மேலும் இருந்திருக்கலாம்.

எல்லா பிராசசரும் 8000இல் ஓட வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. சிலிக்கானுக்குச் சிலிக்கான் திறன் மாறும் என்பதை அறிவேன். மாறும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்போது, மாறாத ஒன்றைப்போல அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிடுவதைத்தான் தட்டிக் கேட்கிறேன். ஒரு கிலோ என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்கி வந்தபின், எடை உங்கள் தராசைப் பொறுத்தது என்று கடைக்காரர் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டும். கேட்பது பெரிய காரியமில்லை. உத்தரவாதமுள்ள வேகம் எது, முயன்று பார்க்க மட்டுமான வேகம் எது என்ற இரண்டு எண்களையும் பெட்டியின் முகப்பில் சமமாக அச்சிடுங்கள். முயன்று பார்க்கும் வேகம் கிடைக்காதபோது, பொருத்தப் பட்டியலில் உள்ள ரேமையும் போர்டையும் சேர்த்து வாங்கியவரிடமிருந்து பொருளைத் திரும்பப் பெறுவது உங்களில் யார் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். மூவரும் கூடிப் பேசி முடிவு செய்ய அவகாசம் வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். என் ரேம் அதுவரை 5200இல் ஓடிக்கொண்டிருக்கும்.

இம்மடலுக்குப் பதில் எழுத முன்வரும் நிறுவனம், தயவுசெய்து மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் அந்தப் பதிலின் நகலை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
6000க்குப் பணம் கட்டிய ஒரு வாடிக்கையாளர்