வரிசையில் முன்னால் நிற்பவரும் பாடம் தெரிந்தவரும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி இயக்குநர்களுக்கும், வணக்கம்.

இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, பட்டதாரி ஆசிரியராகி, உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஓய்வுபெற்றவன் நான். அந்த இரண்டு பதவி உயர்வுகளும் பணிமூப்பின்படியே எனக்குக் கிடைத்தவை. ஆகவே பணிமூப்பை இழித்துப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும், ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே உள்ள பணியிடத்தைப் பதவி உயர்வின் மூலம் நிரப்பும்போது, அந்தப் பாடத்தைப் படித்தவரா, அதை வகுப்பில் நடத்தியவரா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதில் தேறியவர்களுக்குள் மட்டுமே மூப்பைக் கணக்கிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

ஆசிரியர் சமூகம் பணிமூப்பை ஏன் இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதைத் துறை அறியாததல்ல. பணியில் சேர்ந்த தேதியைச் சிபாரிசு கொண்டு எவராலும் மாற்றிவிட முடியாது. பதவி உயர்வுக்கான உத்தேச முன்னுரிமைப் பட்டியல் வெளியானதும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் பெயருக்கு மேலே யார், கீழே யார் என்று எண்ணிப் பார்த்து, பிழை இருந்தால் மேல்முறையீடு செய்ய முடிகிறது. 'திறமை' என்ற சொல் பதவி உயர்வு விதிகளுக்குள் நுழைந்தால், அதை அளப்பவர் யார் என்ற அச்சமும் கூடவே நுழையும். அந்த அச்சம் நியாயமானது. நான் கேட்பது திறமையை அளக்கும்படி அல்ல. பாடத்தகுதியும் தேதியைப் போலவே ஆவணத்தில் இருப்பதுதான்: பட்டச் சான்றிதழில் இருக்கிறது, பள்ளியின் கால அட்டவணையில் இருக்கிறது, பணிப்பதிவேட்டில் இருக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் உடன் இருந்த அறிவியல் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளநிலையில் வேதியியல் படித்தவர். பத்தாம் வகுப்புக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் நடத்தியவர். பியூரெட்டைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் வந்த பிள்ளைகள் ஆண்டிறுதியில் செய்முறைத் தேர்வை அச்சமின்றி எழுதிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இடையில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்து வைத்திருந்தார். இளநிலையில் ஒரு பாடமும் முதுநிலையில் வேறு பாடமும் படித்தவரை நம் பள்ளிகளில் 'கிராஸ் மேஜர்' என்று சொல்வோமே, அந்த வகை. மூப்பின்படி அவருடைய முறை வந்தபோது முதுகலை ஆங்கில ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்று வேறொரு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றார். அதுவரை ஒரு நாள்கூட ஆங்கில வகுப்பு எடுத்திராதவர். "வேண்டாம் என்று துறப்பு எழுதிக்கொடுத்தால் அடுத்த முறை வருவதற்குள் ஓய்வு வந்துவிடும் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் கல்லூரி செல்லும் இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவர் அந்த உத்தரவை மறுக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த ஒரே உத்தரவில் எங்கள் பத்தாம் வகுப்பு நல்ல அறிவியல் ஆசிரியரை இழந்தது. அவர் சென்ற பள்ளியின் பதினோராம் வகுப்பு, முதல் ஓராண்டு முழுவதும் உரைநூலை வைத்துக்கொண்டு தடுமாறிய ஆங்கில ஆசிரியரைப் பெற்றது. இதை எந்தப் பட்டியலும் காட்டாது. பட்டியலைப் பொறுத்தவரை ஒரு காலிப்பணியிடம் விதிப்படி நிரப்பப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இந்த உதாரணத்தின் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. இளநிலையில் வரலாறு படித்து, பின்னர் தமிழ்மீது கொண்ட பற்றினால் முதுகலை படித்து, யாப்பையும் இலக்கணத்தையும் பிள்ளைகளுக்கு இனிக்க இனிக்கச் சொல்லித்தரும் ஆசிரியைகளையும் நான் அறிவேன். 'வேறு பாடம்' என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுக்குக் கதவை அடைப்பது அநீதியாகும். ஆகவே, இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இல்லாதவர்களுக்கு, பதவி உயர்வு கோரும் பாடத்தைக் குறிப்பிட்ட காலம் உயர்நிலை வகுப்புகளிலாவது நடத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை போதுமானது. அதற்கான வாய்ப்பைக் கால அட்டவணையில் ஏற்படுத்தித் தருவது தலைமை ஆசிரியரால் இயலாத காரியமல்ல.

பாடத்தகுதியைத்தான் ஆசிரியர் தகுதித் தேர்வு உறுதிசெய்கிறதே என்று சிலர் கூறலாம். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களுக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி அத்தேர்வு வந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அத்தேர்வில் தேறாமல் ஏற்கனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு பெற முடியாது. தீர்ப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. தேர்வின் இரண்டாம் தாளை மட்டும் சற்று விரித்துப் பாருங்கள். மொத்தம் 150 வினாக்கள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதமுள்ள 60 வினாக்கள் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். ஒரு தமிழாசிரியர் தம் பாடத்தில் எதிர்கொள்வது 30 வினாக்கள். வாழ்நாளில் தாம் நடத்தப் போகாத பாடத்தில் 60 வினாக்கள். இருபது ஆண்டுகள் இலக்கணம் நடத்திய ஒருவர் முகலாயர் வரலாற்றையும் மண் வகைகளையும் மனப்பாடம் செய்து தேறினால் தமிழ் கற்பிக்கத் தகுதி பெற்றவராகிறார் என்பது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு. சட்டம் கேட்பதால் அத்தேர்வை எழுதத்தான் வேண்டும். ஆனால் அது பாடத்தகுதியின் இடத்தை நிரப்பிவிட்டதாகத் துறை கருதிவிடக் கூடாது.

ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்குச் சமமா என்ற இணைத்தன்மைச் சிக்கலுக்கு வருகிறேன். பயன்பாட்டு, நுண், உயிர் என்ற முன்னொட்டுகளோடு பல்கலைக்கழகங்கள் வழங்கும் பட்டங்களில் எது இயற்பியலுக்கு இணை, எது விலங்கியலுக்கு இணையல்ல என்பதற்கு அவ்வப்போது தனித்தனியாக அரசாணைகள் வெளியாகின்றன. தம் பட்டம் இணையானதல்ல என்பதை ஆசிரியர் ஒருவர் பெரும்பாலும் அறிவது, பட்டியலில் தம் பெயர் விடுபட்ட பிறகுதான். அடுத்த கட்டம் வழக்கு. அதற்கடுத்து இடைக்காலத் தடை. தடை நீங்கும்வரை பள்ளி மேலாண்மைக் குழுவின் வழியாக அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியரின் கையில் வகுப்பு. சண்டையிடும் இரு தரப்பு ஆசிரியர்களுக்கும் ஊதியம் நிற்பதில்லை. பிள்ளைகளுக்குத்தான் ஓர் ஆண்டு போய்விடுகிறது.

2023 டிசம்பர் 21 அன்று வெளியான அரசாணை 243, தொடக்கக் கல்வித் துறையில் ஊராட்சி ஒன்றிய அளவிலான முன்னுரிமையை, அதாவது பணிமூப்பு வரிசையை, மாநில அளவிலானதாக மாற்றியபோது எழுந்த போராட்டங்களை நாடறியும். சொந்த ஒன்றியத்தை விட்டுத் தொலைதூர மாவட்டத்துக்குச் செல்ல நேரும் என்று பெண் ஆசிரியர்கள் எழுப்பிய கேள்வி வலுவானது. ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் வரிசை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினோம் (நானும் என் சங்கத் தோழர்களோடு அதையேதான் பேசினேன்). வரிசையில் நிற்பவர் எந்தப் பாடத்துக்காக நிற்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூத்தவர்களைத் தாண்டி இளையவர்கள் செல்வது மூத்தவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பு என்ற வாதத்துக்கு என் பதில் இது. நீண்ட பணிக்கு ஊதியத்தில் மதிப்பளிக்கும் ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது: 10 ஆண்டுகளில் தேர்வு நிலை, 20 ஆண்டுகளில் சிறப்பு நிலை. போதாதென்றால் அதைக் கூட்டிக் கேட்போம்; நானும் கையெழுத்திடுகிறேன். தலைமை ஆசிரியர் பணியிடம் எந்தப் பாடத்துக்கும் உரியதல்ல என்பதால், துறைத் தேர்வுகளில் தேறியவர்களுக்குள் அங்கே மூப்பே முடிவு செய்யட்டும். பாடத்தகுதி இல்லாததால் தற்போது விடுபடும் மூத்தவர், பின்னர் அந்தப் பட்டத்தைப் பெற்றுவிட்டால் அவருடைய பழைய மூப்பு அப்படியே செல்லும் என்று விதியில் எழுதிவிடலாம். படிக்கத் தூண்டுகோலாக இருந்த ஊக்க ஊதிய உயர்வை 2020இல் நிறுத்திவிட்டு, படிக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது முறையாகாது என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

வழக்கம்போல அடுத்த பட்டியலும் ஜனவரி 1 நிலவரப்படியே தயாராகும். அதற்குக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பாக, எந்தெந்தப் பட்டம் எந்தெந்தப் பாடப் பணியிடத்துக்கு ஏற்கத்தக்கது என்ற முழுமையான அட்டவணையை ஒரே அரசாணையாக வெளியிட வேண்டும் என்பதும், உத்தேச முன்னுரிமைப் பட்டியலில் பணியேற்ற தேதிக்குப் பக்கத்தில் 'பட்டப் பாடம்', 'கற்பித்த பாடமும் ஆண்டுகளும்' என்று இரண்டு கட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்பதும் என் உடனடியான இரண்டு கோரிக்கைகள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர்