நடுவிலேயே நிற்கும் முள்: மீட்டர் போர்டு வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்போ டீசல் டிரக் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

லோடு வண்டி ஓட்டுகிறவன் நான். பாதி மெக்கானிக் என்றும் சொல்லலாம், மீதிப் பாதியை வண்டியே அடித்துச் சொல்லிக்கொடுத்தது. போன மாதம், சொந்தமாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டுவதற்காக, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிளேடு வைத்து இரண்டாக அறுத்தேன். நல்ல ஹோஸ், ஒரு வெடிப்பு இல்லை. வாரன்டி பேச்சு வரும் என்று தெரிந்தேதான் அறுத்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்பது உங்கள் வண்டிக்கு ஏற்கெனவே தெரியும். அதை என்னிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த அறுவைச் சிகிச்சையும் இந்த மடலும்.

இதற்கு முன் வைத்திருந்த வண்டியிலிருந்து தொடங்குகிறேன். முழு லோடு, நீளமான மலை ஏற்றம், இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். டெம்பரேச்சர் முள் எப்போதும் போல நடுவில், கோயில் தூண் மாதிரி அசையாமல் நின்றது. முதலில் மூக்குக்குத்தான் செய்தி வந்தது: கொதித்த கூலன்டின் அந்தத் தித்திப்பு வாடை. முள்ளைப் பார்த்தேன், நடுவிலேயே இருந்தது. அடுத்த வளைவு தாண்டுவதற்குள் ஒரே தாவில் சிவப்புக்குப் போய்விட்டது, விளக்கும் எரிந்தது. ஓரம் கட்டும்போது பின்னால் வெள்ளைப் புகை. பட்டறையில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி, நேர்ப்பட்டை வைத்துப் பார்த்தார்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தது, ஹெட் வளைந்திருந்தது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட், அந்த மெல்லிய அடைப்புத் தகடு, என்ன செய்யும்?

“முள்ளு ஏறுறப்பவே நிறுத்தியிருக்கலாமேண்ணே” என்றான் பட்டறைத் தம்பி. ஏறினால்தானே நிறுத்துவதற்கு?

இப்போதைய வண்டி வந்ததும் முதல் வேலையாகச் சோதனை பிளக்கில், எண்ணைப் போனில் காட்டும் ஒரு சின்ன ரீடரைச் சொருகி, உங்கள் முள்ளையும் உண்மையான டிகிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 78 டிகிரியில் முள் நடுவில் வந்து உட்கார்ந்தது. 85, 92, 99 எல்லாவற்றுக்கும் அதே இடம். 104லும் அதே இடம். அதற்கு மேல்தான் கிளம்ப மனம் வந்தது. அது மீட்டரே இல்லை. மீட்டர் வேஷம் போட்ட சுவிட்ச்.

எண் இல்லாமலும் இல்லை. எஞ்சின் கணினி கூலன்ட் சூட்டை டிகிரி டிகிரியாக அளந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் சோதனை பிளக் பேசும் ஓபிடி-2 மொழியில் அது ஒரே ஒரு பைட், வருகிற எண்ணில் 40ஐக் கழித்தால் செல்சியஸ். பெரிய லாரிகளின் கணினிகள் பேசும் ஜே1939 மொழியில் அதற்கு எஸ்பிஎன் 110 என்று தனி எண்ணே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எண் வயர் வழியாக மீட்டர் போர்டின் முதுகு வரைக்கும் ஒழுங்காக வந்து சேருகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரும்போதுதான் யாரோ எழுதிய சில வரி மென்பொருள் “எல்லாம் நல்லபடி” என்று மொழிபெயர்க்கிறது.

உங்கள் தரப்பும் எனக்குப் புரியாமல் இல்லை. தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) திறந்து மூடும்போதும், ஏற்ற இறக்கத்திலும் சூடு ஐந்தாறு டிகிரி ஆடும். முள்ளும் கூடவே ஆடினால் வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்பார். கடைக்குப் போய்வரும் காருக்கு அந்த ஏற்பாடு சரி. ஆனால் டர்போ வைத்த டிரக் அப்படியா? அதே கொள்ளளவு எஞ்சினுக்குள் டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது, அதற்கேற்ப டீசலும் கூடுகிறது, எரிகிற டீசலில் கணிசமான பங்கு சூடாகக் கூலன்டில்தான் இறங்குகிறது. எஞ்சினுக்குள் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரும் தன் பங்கைக் கொட்டுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நிற்பதால் எதிர்காற்றே சூடாகித்தான் உள்ளே வருகிறது. ஏற்றத்தில் வேகமும் இல்லை, எதிர்காற்றும் இல்லை. 95லிருந்து 110க்குப் போக அதற்கு ஒரு பாட்டு முடியும் நேரம்கூட வேண்டாம். அந்தப் பதினைந்து டிகிரியைத்தான் என் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

ரீடர் இருக்கும்போது தனி மீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். வெயிலில் போன் சூடாகித் திரை அணைந்துபோவது ஒரு காரணம். உங்கள் சென்சாரே பொய் சொன்னால் ரீடரும் அதே பொய்யைத்தான் திருப்பிச் சொல்லும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது சாட்சி வேண்டியிருந்தது.

சென்சாரை எங்கே போடுவது என்பதில்தான் முழு நாளும் போயிற்று. ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், ஒரு பிளக் போட்டு மூடிய துளை கிடைக்குமா என்று டார்ச்சும் கண்ணாடித் துண்டுமாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே துளையில் உங்கள் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் கணினி குருடாகிவிடும். கடைசியில் ஹோஸுக்கு நடுவே போடும் அலுமினிய அடாப்டர்தான் கதி.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலன்டை வடித்து, ஹோஸை அறுத்து, அடாப்டரை வைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டேன். சென்சாரின் மரை 1/8 அங்குல டேப்பர், அதாவது நுனி நோக்கிக் குறுகும் பைப் மரை. வயரை டர்போ பக்கம் அண்டவிடாமல் சுற்றிக் கொண்டுவந்து, கேபின் சுவரில் ரப்பர் வளையம் போட்டு நுழைத்தேன். இக்னிஷன் போட்டால் மட்டும் கரன்ட் வரும் வயரில் ஃபியூஸோடு இணைப்பு. வண்டி 24 வோல்ட்டா, மீட்டர் 12 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுத்தான்.

ஸ்டார்ட் செய்தேன். கால் மணி நேரமாயிற்று. மேல் ஹோஸைக் கையால் தொட முடியவில்லை, புது மீட்டரின் முள் அடிமட்டத்தில் படுத்தே கிடந்தது. சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி மல்ட்டிமீட்டரால் பார்த்தேன். சூடு ஏற ஏற ஓம் (மின்தடை) இறங்கியது, சென்சாரில் குறையில்லை. இன்னொரு அரை மணி நேரம் ஃபியூஸையும் வயரையும் குடைந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: ஒற்றை வயர் சென்சார் எர்த்தைத் தன் உடம்பு வழியாகத்தான் எடுக்கும். என் சென்சார் உட்கார்ந்திருப்பதோ இரண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்கும் அலுமினியத்தில்! எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டரில் அதற்கென்றே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு சாண் வயர் இழுத்ததும் முள் எழுந்து நின்றது. (மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் இதே வம்புதான்.)

ஆறு வாரமாக ஓட்டுகிறேன். சமதளத்தில் 86, 88. ஏற்றத்தில் 97 வரை போகும், கொஞ்ச நேரத்தில் சூட்டுக்கு ஏற்ப ஃபேனை எஞ்சினோடு சேர்க்கும் ஃபேன் கிளட்ச் பிடித்து முன்னால் இரைச்சல் கேட்கும், மெல்ல 92க்கு இறங்கும். அந்த இரைச்சல் எதற்கு என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது. ஏறி முடித்த கையோடு எஞ்சினை அணைத்து இக்னிஷனை மட்டும் போட்டு வைத்தால், வாட்டர் பம்ப் நின்றுவிடுவதால் முள் கீழே வராமல் மேலே போகிறது. இப்போது இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன், டர்போவுக்கும் அது நல்லது.

நான்காவது வாரம், வழக்கமான அதே ஏற்றம், அதே லோடு, மீட்டரில் மட்டும் 103. உங்கள் முள்ளைக் கேட்டிருந்தால் எல்லாம் சுகம் என்றிருக்கும். இன்டர்கூலரை விலக்கிப் பார்த்தேன். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பூச்சி இறகு, வைக்கோல் துணுக்கு எல்லாம் அதில் சிக்கியிருந்தன. முன்னால் நின்று பார்த்தால் துளியும் தெரியாது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன், மறுநாள் பழையபடி 97.

என் மீட்டரும் அரிச்சந்திரன் இல்லை. மேல் ஹோஸில் இருப்பதால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அது தூங்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது என் முள் குளிரிலேயே கிடக்கும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுக்க வெளியேறினாலும் இதே கதைதான், சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு சூடு குறைகிறது என்று சொல்லும். இந்தக் கடைசி வம்பு எங்கே சென்சார் போட்டாலும் உண்டு, உங்களுடையதற்கும் சேர்த்து.

ஆகவே கேட்கிறேன். ஹெட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் மரை போட்ட துளை ஒன்றை விட்டு, பிளக்கால் மூடி அனுப்புங்கள். தேவைப்படுகிறவன் கழற்றிக்கொள்வான். கூலன்ட் அளவு குறைந்தால் கத்துகிற சென்சாரை விலை கூடிய மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முள்ளை விடுதலை செய்யுங்கள். அது முடியாதென்றால் கிலோமீட்டர் காட்டும் திரையின் ஓரத்தில் இரண்டு மூன்று இலக்கம் போதும். அந்தத் திரையில் கதவு திறந்திருப்பதற்குப் படம் இருக்கிறது, பெல்ட் போடாததற்குப் படம் இருக்கிறது, வெளியே எத்தனை டிகிரி என்றுகூட எழுதியிருக்கிறது. எனக்கு வேண்டியது உள்ளே எத்தனை என்பது.

இப்படிக்கு,
ஹோஸை அறுத்த ஓட்டுநர்

பி.கு.: சில வண்டிகளில் ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பினால் மறைந்திருக்கும் சோதனைத் திரை திறந்து டிகிரி எண் தெரிகிறது. என் வண்டியிலும் அப்படி ஒன்று இருந்தால், எந்தப் பட்டன் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புது ஹோஸ் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.