ஜிப்லிய டிவி கம்பெனி வாங்கிருச்சு, நம்ம கடைல என்ன மாறும்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

செய்தி வந்ததுல இருந்து ஜிப்லி ஆர்ட் புக், போஸ்டர் வாங்க கடைக்கு வர்றவங்களும் வாட்ஸ்அப்ல கேக்கறவங்களும் இதையேதான் கேக்கறீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதனால மொத்தமா எழுதிடறோம். ஆமாங்க, செய்தி உண்மைதான். ஜப்பான்ல நிப்பான் டிவிங்கற டிவி கம்பெனி, அனிமேஷன் படம் எடுக்கற ஸ்டூடியோ ஜிப்லியோட ஓட்டுரிமைப் பங்குல 42.3 சதவீதத்த வாங்கறதா 2023 செப்டம்பர் 21ல அறிவிச்சாங்க, அந்த அக்டோபர் 6ஆம் தேதி கைமாறிருச்சு. ஆனா "இனிமே ஒரிஜினல் சரக்கு வராது, இருக்கறப்பவே வாங்கிக்கோங்க"ன்னு ஆன்லைன்ல சிலபேர் சாதாரண போஸ்ட்கார்டு செட்டுக்குக் கூட டபுள் ரேட் போட்டு விக்கறாங்க பாருங்க, அதுக்கும் இந்த செய்திக்கும் சம்பந்தமே இல்ல, நம்பி காசை விட்டுறாதீங்க.

42 சதவீதம்னா பாதி கூட இல்லியே, அப்புறம் எப்படி அவங்க கம்பெனி ஆகும்னு காலேஜ் படிக்கற தம்பி ஒருத்தர் கேட்டார். இருக்கறதுலயே பெரிய பங்குதாரர் இப்ப அவங்கதான், அப்ப தலைவர் பதவிக்கும் அவங்க ஆளு ஹிரோயுகி ஃபுகுடா வந்தார், அதனால கணக்குல ஜிப்லி இனிமே நிப்பான் டிவியோட துணை நிறுவனம்.

ஏன் குடுத்தாங்கன்னா, காரணம் வயசுதாங்க. ஜிப்லிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டைரக்டர் ஹயாவோ மியசாகிக்கு அப்ப 82, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகிக்கு 75. அடுத்து யாருன்னு ரொம்ப நாளா பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. மியசாகியோட பையன் கோரோ பேரு பலதடவ வந்துச்சு, அவரும் டைரக்டர்தான், ஆனா அவரு இத ஒத்த ஆளா சுமக்க முடியாது, வேற யார்கிட்டயாவது குடுக்கறதுதான் நல்லதுன்னு ஒதுங்கிட்டார். அப்பன் பேர வெச்சு நாற்காலில உக்காராம அப்படி சொன்னதுக்கே அந்த மனுசன பாராட்டணும். அப்புறந்தான் ரெண்டு பெரியவங்களும் பழகின இடமாப் பாத்து நிப்பான் டிவிகிட்ட போனாங்க. அப்ப போட்ட ஏற்பாட்டுப்படி மியசாகி கௌரவத் தலைவர், சுசுகி சேர்மன், நிர்வாகத்த டிவிக்காரங்க பாப்பாங்க, படம் எடுக்கறத ஜிப்லி பாக்கும், அதோட சுதந்திரத்துல கை வைக்க மாட்டோம்னும் அறிக்கைல சொல்லிருக்காங்க.

பழகின இடம்னு சும்மா சொல்லல. 1985ல நவுசிகா படத்த டிவில முதல்ல போட்டது அவங்க, 1989ல கிகி படத்துல இருந்து காசும் போட்டாங்க, 2001ல டோக்கியோ பக்கம் மிதாகால ஜிப்லி மியூசியம் திறந்தப்பவும் கூட நின்னாங்க. அந்த டிவியோட சேர்மனா இருந்த செயிச்சிரோ உஜியே, ஜிப்லியோட இன்னொரு டைரக்டர் இசாவோ தகஹாதாவோட பெரிய ரசிகர், தகஹாதா இன்னொரு படம் எடுத்தே ஆகணும்னு பிடிவாதமா பணத்துக்கு வழி பண்ணினவர், 2011ல இறந்துட்டார், அந்த ககுயா இளவரசி படம் 2013லதான் வந்துச்சு, தயாரிப்பாளர் பேருல உஜியே பேரும் இருக்கு.

ஜிப்லி இதுவரைக்கும் யாருக்கும் கட்டுப்படாம இருந்துச்சு, இப்பதான் மாட்டிக்கிச்சுங்கறதும் முழுசா சரி இல்ல. ஆரம்பத்துல தொகுமா ஷோட்டென்ங்கற பதிப்பகம் காசு போட்டுச்சு, 2005லதான் தனிக் கம்பெனி ஆச்சு. ஆஸ்கார் வாங்குன ஸ்பிரிட்டட் அவே 2001ல, அந்த நிழல்ல இருந்தப்ப எடுத்ததுதான். தனியா வந்தப்புறம் 2014ல தயாரிப்புப் பிரிவையே மூடி வெச்ச காலமும் உண்டு. நிப்பான் டிவிகிட்ட ஏற்கனவே மேட்ஹவுஸ்ங்கற இன்னொரு அனிமேஷன் கம்பெனி இருக்கு, 2011ல வாங்கினது, அவங்க எடுத்த ஃப்ரீரன் தொடர் 2023 செப்டம்பர் கடைசில அதே டிவில ஆரம்பிச்சப்ப இங்க பசங்க விடாம பாத்தாங்க.

இருந்தாலும் எங்களுக்கு ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யுது. 2023 ஜூலை 14ல ஜப்பான்ல வந்த மியசாகியோட 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்துக்கு டிரெய்லர் இல்ல, டிவி விளம்பரம் இல்ல, ஒரே ஒரு போஸ்டர் மட்டும் விட்டுட்டு தியேட்டருக்கு அனுப்பினாங்க, சொந்தக் காசுல எடுத்ததால அந்த தைரியம். டிவி கம்பெனி கணக்கு பாக்க உக்காந்தப்புறம் இன்னொருதடவ இப்படி ஒரு கிறுக்குத்தனத்துக்கு ஒத்துக்குவாங்களான்னு கேட்டா, சந்தேகந்தான். பழைய படத்துக்கெல்லாம் பார்ட் டூ எடுக்காம இருந்தா அதுவே போதும்.

சரி, கடை விசயத்துக்கு வர்றோம். ஆர்ட் புக், போஸ்டர், போஸ்ட்கார்டு, காலண்டர் எதுக்கும் இந்த செய்தியால ரேட் ஏறாது. எங்க ரேட்ட முடிவு பண்றது ஜப்பான் காசான யென்னும் கஸ்டம்ஸும் கூரியரும்தான், 2023 அக்டோபர்ல யென் டாலருக்கு 150 பக்கம் விழுந்து கிடந்தது புத்தகத்துக்கு கொஞ்சம் நல்ல நேரம்னே சொல்லலாம், புத்தகத்துக்கு வரியும் 5 சதவீதம்தான். ஜிப்லி படத்துல வர்ற டொட்டோரோ பொம்மை ஏன் வெக்கறதில்லன்னு கேக்கற அக்காங்களுக்கு, அது நிப்பான் டிவி செஞ்ச வேலை இல்லீங்க. வெளிநாட்டு பொம்மைக்கு சுங்கவரி 2020ல 20ல இருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023 பட்ஜெட்ல 70 ஆயிருச்சு, அதுபோக 2021ல இருந்து இந்தியத் தர முத்திரையான பிஐஎஸ் இல்லாம பொம்மை விக்கவே கூடாது. ரோட்டோரம் 300 ரூபாய்க்கு கிடைக்கற டொட்டோரோ எப்படி வந்துச்சுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நெட்ஃபிளிக்ஸ்ல இருந்து படத்த தூக்கிருவாங்களான்னும் கேக்கறீங்க, அது தனி ஒப்பந்தம், பங்கு கைமாறினா தானா ரத்தாகாது.

காலண்டருக்கு ஆர்டர் எடுத்துட்டு இருக்கோம், சுவர்ல மாட்டறது, மேசைல வெக்கறது ரெண்டும் வரும். அட்வான்ஸ் வேண்டாம், பேரும் நம்பரும் கடை நோட்டுல எழுதிட்டுப் போங்க, சரக்கு வந்தவுடனே கூப்பிடறோம்.

இப்படிக்கு,
கடைக்காரங்க