சராசரி மழை எங்கள் காட்டில் பெய்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றத்தை ஊராட்சிகள் எப்படிச் சமாளிப்பது என்று நடந்த பயிலரங்கு பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பக்கத்தில் சென்ற வாரம் செய்தி வந்தது. அதில் ஒரு வரி: "மாவட்டத்தில் இயல்பான மழை பெய்தும் விவசாயிகள் மாறத் தயங்குகிறார்கள்." மேடையில் ஓர் அதிகாரி பேசியதைத்தான் செய்தியாளர் எழுதியிருக்கிறார். ஆனாலும் சொன்னவரைவிட, அதை அப்படியே அச்சேற்றிய தங்கள் இதழ் மீதுதான் எனக்கு மனத்தாங்கல்.

கோவை மாவட்டத்து மழைக்கணக்கு தாங்கள் அறியாததல்ல. வால்பாறையும் சின்னக்கல்லாறும் இதே மாவட்டம்தான். சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சூலூர், அன்னூர், சுல்தான்பேட்டைப் பக்கம் 700-ஐத் தொட்டாலே நல்ல வருஷம். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால், ஆனி ஆடியில் மலையில் கூடுதலாக அடித்த நாலு நாள் மழை இங்கே பெய்யாத மழையை மூடி மறைத்துவிடும். அந்த நாலு நாளும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் காடுகளுக்கு, அதாவது மழையை நம்பிய மேட்டு நிலங்களுக்கு, வந்தது வெறுங்காற்று.

மழையளவு சரியாக இருந்தாலும் அது வந்த விதம் வேறு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். ஐப்பசியில் நாலு தவணையாக, தவணைக்கு 25 மில்லிமீட்டர் பெய்தால் சோளத்தட்டு தேறிவிடும், கொள்ளும் பிடித்துக்கொள்ளும். அதே 100 மில்லிமீட்டர் ஒரே ராத்திரியில் இறங்கினால், மேல்மண் இறுகிய செம்மண் காட்டில் பெரும்பங்கு பள்ளத்துக்கு ஓடிப்போகும், போகும்போது வண்டலையும் அள்ளிக்கொண்டு போகும். காகிதத்தில் இரண்டும் 100தான்.

மாறத் தயங்குகிறோமாம். ஆடிப்பட்டம் ஏமாற்றினால் புரட்டாசிக்குத் தள்ளி, அதுவும் தவறினால் கொள்ளுக்கு மாறிக்கொள்வது மானாவாரிப் பண்ணயம் செய்கிற யாருக்கும் பழக்கம். ஒரு உழவு மழையை, அதாவது ஏர் ஓட்டும் அளவுக்கு ஈரம் தரும் மழையை, நம்பித் தீவனச்சோளம் விதைத்து, அடுத்த மூன்று வாரம் காய்ந்தால் முளைத்ததெல்லாம் கருகும். ஏக்கருக்குப் பதினைந்து கிலோ விதையை மறுபடியும் வாங்கித்தான் விதைக்க வேண்டும். அந்த இரண்டாவது விதைக்கு எந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது? தயக்கம் எங்கே இருக்கிறதென்று அங்கே தேடியிருக்கலாம்.

மரக்கன்று விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக அன்றைக்கே நட வேண்டும் என்கிறார்கள். மலை மழையைத் தடுத்துவிடும் மழை மறைவுப் பகுதியான இங்கே அது காற்றுக்காலத்தின் தொடக்கம். பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான். ஒன்றரை அடிக் கன்றை அதில் நிறுத்தினால் இலை உதிர்ந்து, ஆவணிக்குள் குச்சிதான் மிச்சம். இரண்டடிக் குழியை ஆவணியிலேயே தோண்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கின சாணி எருவும் கலந்து நிரப்பி, புரட்டாசிக் கடைசியில் இரண்டு உழவு மழை இறங்கிய பிறகு நட வேண்டும். அப்படி வைத்த வேம்பும் வெள்வேலும் கார்த்திகை வரைக்கும் ஈரத்தில் வேர்விட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீரில் பிழைக்கும். தேதியை மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

தடுப்பணைகளைப் பாருங்கள். இரண்டு பக்கச் சுவரையும் கெட்டிக் கரைக்குள் போதிய ஆழம் செலுத்தாமல் நிறுத்துகிறார்கள். முதல் வெள்ளத்திலேயே தண்ணீர் சுவரைச் சுற்றிக் கரையை அறுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் விழும் இடத்தில் கல்தளம் போடாவிட்டால் அணையின் அடித்தளம் அரிபடும். மேட்டில் வரப்பும் கல்லணைப்பும் இல்லாமல் பள்ளத்தில் மட்டும் அணை கட்டினால் இரண்டு மூன்று மழையில் மண் மேவிவிடும். வேலை மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டும். பில் போடுவதற்குப் பள்ளத்து அணை வசதியாக இருப்பதால் அங்கேயே ஆரம்பித்து அங்கேயே முடிக்கிறார்கள்.

பண்ணைக்குட்டையும் இதே கதிதான். மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்று வெட்டினால் சுமார் 5.8 லட்சம் லிட்டர் பிடிக்கும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டினால் அடுத்த மழையில் அது திரும்பக் குட்டைக்குள்தான் போகும். ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். தண்ணீர் நுழைகிற வாயில் வண்டல் குழி வேண்டும். சரளை மண்ணில் தண்ணீர் நிற்காது. கிணற்றுக்கு ஊற்று வேண்டுமானால் அது நல்லதே. பயிர் காயும்போது உயிர் காக்கும் உயிர்த்தண்ணீர் பாய்ச்சத்தான் குட்டை என்றால் அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கத்தான் வேண்டும். எதற்காக வெட்டுகிறோம் என்று வெட்டும் முன்பே விவசாயியிடம் கேட்க வேண்டாமா?

அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது, மனதார வரவேற்கிறேன். ஆனால் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் பவானித் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யை (150 கோடி கன அடியை) 1,045 குளம் குட்டைகளுக்குப் பகிர்வதுதான் அது. உபரி வராத வருஷத்தில் குழாயில் என்ன வரும்? குட்டைக்குச் சொந்த மழைநீர் வரும் வாய்க்காலைத் தூர்த்துவிட்டுக் குழாயைப் பார்த்துக் காத்திருக்கும் நிலைக்கு ஊர்கள் போய்க்கொண்டிருப்பது கவலையாக இருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அங்கே வைக்கப்படும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வறட்சிக் கணக்கைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஊரில் 400 மாடுகள் என்று வையுங்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ காய்ந்த தட்டு, 90 நாள் வறட்சி என்றால் 216 டன் தீவனம். அது எங்கே விளையும், எந்தக் களத்தில் போர் போட்டு வைப்பது, பற்றாததை எந்த மாதம் வாங்குவது? மாசியில் வாங்கும் தட்டுக்கும் சித்திரையில் வாங்கும் தட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு கன்று வாங்கலாம். எந்தக் குட்டைக்கு எந்தப் பக்கம் நீர்வரத்து, சித்திரையிலும் கார்த்திகையிலும் பொதுக்கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும், அதுதான் தகவமைப்புத் திட்டம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த அறிக்கைகள் எங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவும் தங்களால் தீர்க்கக்கூடியதல்ல என்பது தெரியும். தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மாவட்டச் சராசரியை விட்டுவிட்டு, மழைமானி உள்ள ஒவ்வோர் ஊரின் அளவையும் தினமும் தனித்தனியாகப் போடுங்கள். மழை பெய்யாத ஊருக்குப் பூஜ்யத்தையும் போடுங்கள், அக்டோபர் 1 முதல் பெய்த மொத்தத்தைப் பக்கத்திலேயே கொடுங்கள். விதைப்பதா நிறுத்துவதா என்று நாங்கள் முடிவெடுக்க அது உதவும். பயிர்க் காப்பீட்டுக்காரரிடம் பேசும்போது கையில் ஒரு தாளும் இருக்கும். ஒற்றைப் பத்தியில் நாலு விரற்கடை இடம் ஆகும். காலை 8.30 மணிக்கு அளந்தது மறுநாள் இதழில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி,
சுல்தான்பேட்டை வட்டாரம்.