கடம் சமையலறைப் பானை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத இசைப் பகுதியில் வெளிவந்த, மண்ணால் செய்த தாள வாத்தியமான கடம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கி, சமையலறையில் கிடந்த சாதாரணப் பானையைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மேதைகள் என்ற வரிக்கு மேல் படிக்க இயலாமல் நிறுத்திவிட்டேன். கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற விக்கு விநாயக்ராம் போன்றவர்களின் மேதைமையில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. ஆனால் அவர்கள் மடியில் வைத்து வாசிப்பது சமையலறைப் பானை அன்று. மானாமதுரையில் கடம் செய்யும் வேளார் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

சோற்றுப் பானைக்குச் சூடு தாங்கினால் போதும், தண்ணீர்ப் பானைக்குக் கசிந்து குளிர்ந்தால் போதும். கடத்துக்கோ கழுத்து, வயிறு, அடிப்பாகம் என்று எங்கே தட்டினாலும் நாதம் பேச வேண்டும். அதற்காகக் கண்மாய்க் களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கிச் சலித்து, வைகையின் நைசான மணலைக் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். எந்தக் கண்மாய் மண் எவ்வளவு சேர வேண்டும் என்பதை என் தந்தை எங்கும் எழுதி வைத்ததில்லை. விரலால் நசுக்கிப் பார்த்தே சொல்லுவார். சக்கரத்திலிருந்து இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டி, சுவரின் கனத்தை எங்கும் ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. சுருதியின் அளவான கட்டைக் கணக்கில், ஒன்றரைக் கட்டைக்கு எவ்வளவு கனம், ஐந்து கட்டைக்கு எவ்வளவு கனம் என்பது ஒரு நாளும் சங்கீதம் பயிலாத அவருடைய காதுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. மிருதங்கத்தை வார் பிடித்துச் சுருதி கூட்டலாம். சூளையிலிருந்து வெளிவந்த கடத்துக்கு அந்த வசதி இல்லை. சுருதி சேராதது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கப்படும். ஏறத்தாழ எட்டுக் கிலோ எடையுள்ள கடத்தைச் சூளையிலிருந்து எடுத்துத் தந்தை முதன்முதலாகத் தட்டும்போது வீட்டில் ஒருவரும் பேசமாட்டோம்.

இதை ஆக்கம் என்று சொல்லாமல் தற்செயல் என்று எழுத எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் மீனாட்சி அம்மையாருக்குக் கடம் செய்ததற்காகவே மத்திய சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கப்பட்டதும், 2023இல் மானாமதுரை மண்பாண்டம் புவிசார் குறியீடு பெற்றதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆயினும், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழ் அம்மாவின் படத்தை அரைப் பக்கத்துக்கு அச்சிட்டபோது, அதன் கீழே பானை செய்யும் பெண் என்று மட்டுமே இருந்தது. படம் எடுத்தவரின் பெயர் மட்டும் ஓரத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. சென்னையில் ஒரு சபாவில் எங்கள் கடம் ஒலித்த கச்சேரிக்குத் தந்தையை அழைத்துச் சென்றிருந்தேன். நன்றியுரையில் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை எல்லோர் பெயரும் வந்தது. தந்தை கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். வருத்தமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று அந்தத் தொழிலைச் செய்யும் என் தம்பிக்கு மண்ணே போராட்டமாகிவிட்டது. கண்மாய் மாறினால் நாதம் மாறிவிடும் என்பதால், கிடைத்த மண்ணை வைத்து அவன் கடம் செய்ய முடியாது. கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் விதி எளிதாக்கப்பட்டதை நன்றியோடு ஏற்கிறோம். அதற்கு முன்பு, ஓர் அலுவலகத்தில், சில வண்டி மண் கேட்டு நின்ற அவனை மணல் கடத்த வந்தவனைப் போல விசாரித்தார்கள். இது இசைக்கருவிக்கான மண் என்று அவன் சொன்னதற்கு அங்கிருந்தவர் தந்த பதிலும் தங்கள் கட்டுரையின் வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: பானைதானே. அச்சில் வரும் சொல் அலுவலக மேசை வரை போய்ச் சேரும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மார்கழி இசைச் சிறப்பிதழில் கடக் கலைஞர் ஒருவரின் படம் இடம்பெறுமானால், அவர் பெயரோடு அந்தக் கடத்தைச் செய்தவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து அச்சிடுங்கள். அதற்காகத் தங்கள் செய்தியாளர் மானாமதுரைக்கு வர வேண்டியதில்லை. வாசிப்பவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மானாமதுரை