போவாஷ்ஷுவைக் காலி செய்து கொடுங்கள்

வடநோர்வேயில் சாமி என்னும் பழங்குடி மக்களின் கூடார விருந்து நடத்தும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

லாவ்வுக் கூடாரத்தின் நடுவில் ஆர்ரான் என்னும் அடுப்பு, அதன் இருபுறமும் ஆட்கள் அமரும் லோவாய்து, அடுப்புக்கு அப்பால் வாசலுக்கு நேரெதிரே போவாஷ்ஷு என்னும் சமையலிடம் என்ற அமைப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாத்திரமும் உணவும் வைக்கும் அந்த இடம், பழைய சமயம் வழக்கில் இருந்த நாளில் முரசு வைக்கும் புனித இடமாகவும் இருந்தது என்று நான் உண்ட விருந்தில் உங்கள் வழிகாட்டியே அழகாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே கிடந்தவை விருந்தினரின் முதுகுப்பைகளும், ஈரம் சொட்டும் காலணிகளும், படம் எடுப்பதற்கான ஒரு விளக்கும்தான்.

சமையல் வெளியே, ஓர் இரும்புப் பெட்டியறையில் நடந்தது. பனிமான் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் நிதானமாக வேகவைத்துச் செய்யும் பிடோஸ், சாமி மக்களின் கல்யாணச் சாப்பாடு. அதைச் சமைத்த வயதான சாமி அம்மையார், கொதிக்கும் பானையை ஏந்தியபடி பனியில் நடந்து வந்து, தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, நீட்டிய கால்களுக்கிடையே வழி தேடி, இறக்கி வைக்க இடமில்லாமல், யாரோ ஒருவர் தம் பையை நகர்த்தும்வரை கைநடுங்க நின்றார். வழிகாட்டி அப்போது சாமி மக்களின் விருந்தோம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தீ விதிகள் காரணம் என்பீர்கள். அதே அடுப்பில் விருந்தினர் குச்சியில் மார்ஷ்மெல்லோ செருகி வாட்டுவதற்கு மட்டும் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. உணவுப் பட்டியலிலோ பிடோஸ் ‘ஆர்க்டிக் சூப்’ ஆகிவிட்டது. சாமிப் பிள்ளைகள்மீது பள்ளியில் நோர்வே மொழியைத் திணித்த இந்நாட்டின் நோர்வேமயமாக்கல் கொள்கை சாமி மொழிக்கும் வாழ்வுக்கும் செய்ததை உண்மை, நல்லிணக்க ஆணையம் 2023இல் அறிக்கையாகவே அளித்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் விட்டுவைத்த பெயர்களையாவது நீங்கள் விட்டுவைக்கக் கூடாதா?

கோபம் எழுத்தை வேறு பக்கம் இழுத்துவிட்டது, பொறுத்தருள்க. நான் கேட்பது இதுதான்: போவாஷ்ஷுவைக் காலி செய்து சமைப்பவரிடம் கொடுங்கள். பைகளுக்கும் காலணிகளுக்கும் வெளியே ஒரு தடுப்பறை அமைக்கலாம். அதற்கான செலவு எங்களிடம் வாங்கும் கட்டணத்தில் தாராளமாக அடங்கும். பட்டியலில் பிடோஸை பிடோஸ் என்றே எழுதுங்கள். அடுத்த குளிர்காலப் பருவம் தொடங்குமுன் இதைச் செய்ய இயலுமா என்று ஒரு வரி பதில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
உங்கள் விருந்தில் காசு கொடுத்து உண்டவன்