ஒரு வாரம் பொறுங்கள்: பந்தய விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

குதிரைப்பந்தயம் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற, தொலைக்காட்சியில் பேசுகிற பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் இங்கிலாந்தில் ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் குதிரைக்காரனாக இருக்கிறேன். தொழில் கற்றது சென்னைக் கிண்டியில். என் ஆங்கிலம் லாய வேலைக்குப் போதும், மனதில் இருப்பதைச் சொல்லப் போதாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்த்து உங்களுக்கு அனுப்பித் தர நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை தடை தாண்டும் ஓட்டத்தில் தோற்றது எந்தக் குதிரை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாக நீங்கள் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அவனுக்குத் தீவனம் வைத்து, உடம்பு தேய்த்து, கால் பார்க்கிறவன் நான். லாயத்தில் நாங்கள் குதிரையை 'அது' என்று சொல்வதில்லை.

அவன் முதுகிலிருந்து சேணம் இறக்குவதற்குள், இவன் சாயம் வெளுத்துவிட்டது என்று உங்களில் ஒருவர் சொல்லி முடித்துவிட்டார். இன்னொருவர், மார்ச் மாதம் செல்ட்னம் மைதானத்தில் நடக்கிற பெரிய பந்தயங்களுக்கு இவனை மறந்துவிடலாம் என்றார். நான் அப்போது அவனுக்குத் தண்ணீர் ஊற்றி வியர்வையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் விலா இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன். லாரி லாயத்துக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. பந்தயம் ஓடிவிட்டு வந்தாலும் தொட்டியை நக்கிச் சுத்தம் செய்கிற குதிரை அவன். அன்று ஓட்ஸில் மூக்கைக்கூட வைக்கவில்லை. சுவரைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பின்னங்கால் குளம்பு பட்டு முன்னங்கால் குதிகாலில் தோல் கிழிந்திருந்தது. கழுவி மருந்து போட்டேன். பதினொரு மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். தீவனம் வைத்தபடியே இருந்தது. இரண்டாவது முறை கழுத்தைத் தடவியபோது லேசாக இருமினான். அந்த இருமலைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

மைதானத்தில் நடுவர்கள் விளக்கம் கேட்டார்கள், அங்கிருந்த மருத்துவரும் பார்த்தார், வெளிப்படையாக ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு காலை எங்கள் மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். மூச்சுக்குழாயில் சளி கட்டியிருந்தது. சளியோடு இரண்டு மைல் ஓடி, எட்டுத் தடை தாண்டி, மூன்றாவதாக வந்திருக்கிறான். பயிற்சியாளர் இதை முறைப்படி தெரிவித்துவிட்டார். உங்கள் பத்திரிகைகளில் அதற்கு ஒரு மூலையில் இரண்டு வரி கிடைத்தது. தீர்ப்புக்கு மட்டும் அரைப் பக்கம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு இளம் குதிரை தோற்றால் ஒரு வாரம் பொறுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

சளி ஒரு பக்கம் இருக்கட்டும். ஓட்டத்தையாவது இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் யாரும் வேகம் எடுக்கவில்லை. நடைபோல் போகிற கூட்டத்தில் மாட்டிக்கொண்டு அவன் கடிவாளத்தைக் கடித்து இழுத்தான், முதல் ஒரு மைலிலேயே பாதித் தெம்பு போய்விட்டது. இரண்டாவது தடையை முன்னால் போனவன் இடித்தான். தடை சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே இவன் அதைத் தாண்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடையிலும் தயங்கினான். வீட்டில் பயிற்சியில் இரண்டு மூன்று குதிரையோடுதான் தாண்டிப் பழக்கம். அன்று சுற்றிலும் பதின்மூன்று பேர். தடையே இல்லாத பம்பர் பந்தயத்தில் போன வசந்தத்தில் அவன் மற்றவர்களைப் பின்னால் விட்டுத் தனியாக முன்னால் ஓடி ஜெயித்ததை வைத்துத்தான் நீங்கள் அவனுக்குச் சாம்பியன் பட்டம் கட்டினீர்கள். அவன் கேட்டு வாங்கிய பட்டம் இல்லை அது.

இன்னொன்று. ஜனவரி 1 வந்தால் காகிதத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடிவிடுகிறது. இவன் பிறந்தது மே மாதக் கடைசியில். நீங்கள் எழுதுகிற 'ஐந்து வயது' நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எலும்பே முழுதாக முற்றவில்லை.

இஸ்தாப்ராக் என்ற குதிரையை நான் உங்களுக்கு நினைவுபடுத்துவது சரியில்லை, நீங்கள் நேரில் பார்த்தவர்கள். 1996 நவம்பரில் அயர்லாந்தின் பஞ்செஸ்டவுன் மைதானத்தில் தன் முதல் தடை ஓட்டத்தில் அவன் ஒரு குதிரைத் தலையளவு இடைவெளியில் தோற்றான். பிறகு 1998, 1999, 2000 என்று வரிசையாக மூன்று முறை, செல்ட்னத்தின் பெரிய தடை ஓட்டமான சாம்பியன் ஹர்டிலை ஜெயித்தான். டென்மன் 2006 செல்ட்னத்தில் பெரிய நம்பிக்கையோடு இறங்கி நிக்கானரிடம் தோற்றான். இரண்டே வருடத்தில் அதே மைதானத்தில் கௌட்டோ ஸ்டாரைத் தோற்கடித்து அங்கே நடக்கிற பெரிய பந்தயமான கோல்டு கப்பை வாங்கினான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானத்தில் லாஸிமவுத் என்ற பெண் குதிரை இடைஞ்சல் பட்டுப் பின்னால் தள்ளப்பட்டு, காலா மார்சோவிடம் தோற்றாள். மறு மாதமே செல்ட்னத்தில் ட்ரையம்ப் ஹர்டில் என்ற தடை ஓட்டத்தில் அதே காலா மார்சோவை இரண்டாவதாக வர வைத்தாள். ஆறு வாரம்கூட ஆகவில்லை.

எல்லாக் குதிரையும் இஸ்தாப்ராக் ஆகிவிடாது, எனக்கும் தெரியும். இவனே நாளைக்குச் சாதாரணக் குதிரையாகத் தெரியலாம். தடை ஓட்டம் இவனுக்கு ஒத்துவராமலே போகலாம். அப்படித் தெரிந்தால் எழுதுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சளியும் இடைஞ்சலும் சேர்ந்த ஒரு மத்தியானத்தை வைத்து அதைச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

உங்கள் ஒரு வரி எங்கே போய் விழுகிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா? அவன்மேல் பணம் கட்டித் தோற்றவர்கள் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியின் கைபேசிக்கு வருகிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் அவன். அவனுக்கு வந்த செய்திகளை ஓய்வறையில் எனக்குக் காட்டினான், படிக்க முடியவில்லை. அவன் தாயை வைத்து எழுதியிருந்தார்கள். திங்கள் விடிகாலை அதே பையன் உறைபனியில் வந்து மூன்று குதிரைகளுக்குச் சவாரிப் பயிற்சி கொடுத்தான். எங்கள் லாயத்தில் பாதிப் பேர் அயலூரிலிருந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, பண்டிகை நாளிலும் வேலை. குதிரை ஜெயித்தால் எங்கள் பெயர் எங்கும் வராது, அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. தோற்றால் மட்டும் 'லாயத்தில் ஏதோ கோளாறு' என்று எழுதுகிறீர்களே, அது எங்களைத்தானே சொல்கிறீர்கள்? எங்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா?

கோபத்தில் சத்தம் கூடிவிட்டது, மன்னிக்கவும். உங்களில் பலர் இந்த விளையாட்டை என்னைவிட அதிக காலமாக நேசிக்கிறவர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். மருத்துவர் சொன்னது வரட்டும். ஜாக்கி சொல்வதைக் கேளுங்கள். ஓட்டத்தை முழுதாக ஒரு முறை பாருங்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

இன்று காலை பாதி ஓட்ஸ் சாப்பிட்டான். மருந்து முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அது வரைக்குமாவது அவனைப் பற்றி எழுதாமல் இருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவனைப் பார்த்துக்கொள்கிற குதிரைக்காரன்